கார்புரேட்டரைக் கழற்றினால் குடமும் போகும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் பொருத்துவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. அதனால் காதால் கேட்டே பிடிபடுகிற சமாசாரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கார்புரேட்டர் வண்டியின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் சோக்கை இழுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் பிளக் நனைந்து வண்டி முரண்டு பிடிக்கும். நல்ல வெயிலில் ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகி, திரும்பக் கிளம்பாது. அதன் வேலை அப்படி. காற்று வேகமாகப் போகும்போது பக்கத்துத் துளை வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, பேட்டரி இறங்கியிருக்கிறதா, மலை ஏறுகிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இன்ஜெக்‌ஷனில் ஒரு சின்னப் பெட்டி இதையெல்லாம் சென்சார்களிடம் கேட்டுவிட்டு, ‘இத்தனை மில்லி விநாடி திற’ என்று பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குச் சொல்கிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, அது 2 மில்லி விநாடி சொச்சம். இந்தப் பெட்டியைத்தான் இசியு என்கிறோம். இது ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் இயந்திர இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதே 1967-இல் டிரையம்ஃப் டிஆர்5 வந்தது. அதில் இருந்தது லூகாஸின் இயந்திர இன்ஜெக்‌ஷன். அந்த வண்டிக்காரர்கள் இன்றைக்கும் பேசுவது இன்ஜெக்டரைப் பற்றி அல்ல, பின்னால் டிக்கியில் இருக்கிற பெட்ரோல் பம்ப் சூடாகிற கதையைத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இந்த வேலையில் இறங்குகிற பலரும் முதலில் வாங்குவது இசியு. அடுத்தது லேப்டாப்பில் கலர் கலராக வரைபடம் காட்டுகிற மென்பொருள். ஆனால் வண்டி ஒழுங்காக ஓடுமா ஓடாதா என்பது பானெட்டுக்குக் கீழே முடிவாவதில்லை. டேங்கில் முடிவாகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் குடம் இருக்கிறது. மிதவை போட்ட குடம். வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடு. பம்ப் கொஞ்சம் திணறினாலும், டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி காற்றே வந்தாலும், இன்ஜின் அந்தக் குடத்திலிருந்து குடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தக் குடம் கிடையாது. டேங்குக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே வெறும் குழாய்தான்.

இப்போது காலே அரைக்கால் டேங்க் பெட்ரோலோடு ஒரு நீண்ட வளைவில் வேகமாகத் திரும்புகிறீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பதே அதற்குத்தானே! பெட்ரோல் முழுக்க டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. உறிஞ்சுகிற குழாய் மறுபக்கம் இருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். அழுத்தம் சட்டென்று விழுந்து, வளைவின் நடுவில் இன்ஜின் மூச்சு வாங்கும். அதைவிட மோசம் இன்னொன்று உண்டு. இன்ஜெக்‌ஷன் பம்புக்கு எண்ணெயும் பெட்ரோல்தான், குளிரூட்டியும் பெட்ரோல்தான். காற்றைக் குடித்தால் அது தேய்ந்து, சூடேறி, சில மாதங்களில் போய்விடும். நல்ல பம்ப் சீராக ரீங்காரமிடும். மிக்ஸியில் வெறும் ஜாரை ஓட்டியது போல அது அலறினால், பசியோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே, எடுத்த குடத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதற்கு ஸ்விர்ல் பாட் என்று பெயர். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கொள்ளும் உலோகக் குடுவை. பழைய குறைந்த அழுத்தப் பம்ப் டேங்கிலிருந்து எடுத்து இந்தக் குடுவையை நிரப்பும். அதிக அழுத்தப் பம்ப் குடுவையின் அடியிலிருந்து எடுத்து இன்ஜினுக்கு அனுப்பும். இன்ஜின் குடிக்காமல் மிஞ்சியது குடுவைக்கே திரும்பும். குடுவை நிரம்பி வழிந்தால் மேல்வாய் வழியாக டேங்குக்குப் போகும். காற்றுக் குமிழியும் அதே வழியாக வெளியேறும்.

ஒரு லிட்டர் போதுமா? கணக்குப் போடுவோம். 100 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர். அப்படியென்றால் ஒரு லிட்டர் குடுவை இரண்டு நிமிடம் தாங்கும். இரண்டு நிமிடம் நீள்கிற வளைவு எந்த ரோட்டிலும் இல்லை.

இன்னும் டேங்கை விட்டு நகரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அதிக அழுத்தப் பம்ப் தள்ளுவதில் புலி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. அதனால் பெட்ரோல் தானாக இறங்கி அதன் வாய்க்கு வரும்படி தாழ்வாக வைக்க வேண்டும். முன்னால் இன்ஜின் பக்கம் வைத்துவிட்டு அவ்வளவு தூரம் உறிஞ்சச் சொன்னால், டிக்கியில் இருந்தே அந்த டிஆர்5 பம்ப் பட்ட பாடுதான்: சூடு, ஆவி, திணறல். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் வடிகட்டி, பின்னால் 10 மைக்ரான் வடிகட்டி. இதை மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். நுண்ணிய வடிகட்டி முன்னால் இருந்தால் பம்பின் கழுத்தை நெரித்தது போலத்தான். ஐம்பது வருட டேங்கில் துரு நிச்சயம் இருக்கும். கார்புரேட்டர் அதை விழுங்கிவிட்டு ஓடும், இன்ஜெக்டரின் நுனி அடைத்துக்கொள்ளும். டேங்கை இறக்கிக் கழுவாமல் அடுத்த வேலையைத் தொடாதீர்கள்.

அடுத்து அழுத்தம். கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ இருந்தால் தாராளம். இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ. கார் டயரில் நீங்கள் அடிக்கிற காற்றே 30 சொச்சம்தான். டயரைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிற ஒரு ரப்பர் குழாய் சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் இதற்கு ஆகாது. போதாக்குறைக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே தின்னும். விரலால் தேய்த்துப் பாருங்கள், கரி ஒட்டினால் அது முடிந்துபோன ஹோஸ். புது ஹோஸின் மேல் ‘ஆர்9’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். ‘ஆர்7’ பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது 50 பிஎஸ்ஐ வரைக்கும்தான். ஆர்9 என்றால் 100.

கிளிப்பும் முக்கியம். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கிளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டையில் வரிசையாக வெட்டு விழுந்திருக்கும். இறுக்க இறுக்க ரப்பர் அந்த வெட்டுக்குள் பிதுங்கும், தேங்காய்த் துருவி மாதிரி அறுபடும். மூன்றாவது மாதம் சொட்டும். இன்ஜெக்‌ஷன் கிளிப்பில் பட்டை வழவழவென்று இருக்கும், ஓரம் வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், குட்டி நட்டும் போல்ட்டும் இருக்கும். அதுதான் வேண்டும். ஹோஸ் ஏறுகிற இரும்புக் குழாயின் நுனியிலும் ஒரு புடைப்பு இருக்க வேண்டும். வெறும் வழுக்கைக் குழாய் என்றால் 43 பிஎஸ்ஐ ஹோஸை உருவிக்கொண்டு போய்விடும்.

பம்பை நேரடியாகச் சாவியில் இணைக்கவே கூடாது. இதை இரண்டாம் முறையும் சொல்கிறேன், இணைக்கவே கூடாது. சாவி போட்டதும் இசியு இரண்டு விநாடி பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றும். இன்ஜின் சுற்றினால்தான் தொடர்ந்து ஓட்டும், நின்றால் அணைக்கும். இதோடு, வண்டி எதிலாவது மோதினால் கரண்டைத் துண்டிக்கிற இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் வேண்டும். விபத்தில் குழாய் அறுந்து பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் ரோட்டில் கொட்டும்.

சரி, மின்சாரம். பழைய பிரிட்டிஷ் கார்களில் டைனமோ இருக்கும். அது தருவது 22 ஆம்பியர் மாதிரி. பம்ப் மட்டுமே 6, 7 எடுத்துக்கொள்ளும். ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் தாங்காது, ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டும். இன்னொன்று, எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் 1967 வரைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்திருக்கும். எந்த இசியுவும் அதை ஏற்காது, முதலில் திருப்பியாக வேண்டும்.

எர்த் விஷயத்தில்தான் பலருக்கும் வாரக்கணக்கில் தலைவலி. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே கனமான பின்னல் பட்டை ஒன்று, பெயின்ட் சுரண்டிய இடத்தில் இருக்க வேண்டும். இசியுவின் எர்த் எல்லாம் இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டுக்கு வரட்டும். சென்சார்களின் எர்த் பாடிக்குப் போகக் கூடாது, இசியுவுக்கே திரும்ப வேண்டும். அரைகுறை எர்த்தில் 0.2 வோல்ட் தொலைந்தாலும் 5 வோல்ட் சென்சாரில் அது 4 சதவீதப் பொய். ரேடியேட்டர் விசிறி சுற்றும்போதெல்லாம் ஐடில் தடுமாறுகிறது என்று லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கோளாறு ஒரு துருப்பிடித்த போல்ட்டில் இருக்கும்.

இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்ல இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்க் புல்லியில் ஒரு பல் சக்கரம். 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று இருக்காது. அந்த இடைவெளிதான் அடையாளம். சென்சாருக்கும் பல்லுக்கும் சுமார் 0.8 மி.மீ. இடைவெளி விடுங்கள். புல்லி இரண்டு வளையமாக நடுவில் ரப்பர் ஒட்டியதாக இருந்தால், வெளி வளையத்தில் சக்கரத்தை மாட்டாதீர்கள். பழைய ரப்பர் வழுக்கினால், பிளக் பொறி விடுகிற நேரமான டைமிங்கும் கூடவே வழுக்கும். பிளக் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் மின் இரைச்சலில் இசியு பல்லைத் தப்பாக எண்ணும்.

எம்ஜிபி இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே வாசல், அதில் எப்போது பீய்ச்சுவது என்பது தனிக் கச்சேரி. படம் இல்லாமல் முடியாது, விட்டுவிடுகிறேன்.

இன்ஜெக்டர் அளவு. பெரிதாக வாங்கினால் நல்லது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. 100 குதிரைத்திறன், நான்கு இன்ஜெக்டர் என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 165 சிசி தந்தால் போதும். இன்ஜெக்டர் இருபது சதவீத நேரம் மூடியிருக்கிற ஓய்வும் அதில் அடங்கிவிட்டது. 400 சிசி போட்டால் முழு வேகத்தில் பிரச்சினை வராது, ஐடிலில் வரும். இன்ஜெக்டர் திறக்கவே ஒரு மில்லி விநாடி ஆகும். பெரிய இன்ஜெக்டர் அதற்கு மேல் ஒரு துளி நேரம்தான் திறந்திருக்கும், அவ்வளவு சின்ன நேரத்தில் அளவு ஒருமுறைபோல் இன்னொரு முறை வராது. பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் திறக்கிற நேரமே கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். டியூனிங்குக்கு ஒதுக்கிய நேரத்தை டேங்க் குடித்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸாஸ்டில், காற்று-பெட்ரோல் கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் தொடங்காதீர்கள். அது சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், படுத்தால் நீர் கோத்து உடையும். நிதானமாக ஓடும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 பக்கம், முழுக்க மிதிக்கும்போது 12.5 முதல் 13 வரை. சூடான இன்ஜினை முதலில் சரிசெய்யுங்கள். குளிர் ஸ்டார்ட்டைக் கடைசிக்கு வையுங்கள், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறினால்தான் அதைச் சோதிக்க முடியும் என்பதால் நாளைக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜினைச் சுற்றாமல் சாவியை ஐந்தாறு முறை போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏறும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பெட்ரோல் கண்ணில் படுவதற்குள் ஆவியாகிவிடும், பேப்பரில் ஈரம் தெரியும். தெரிந்தால் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளிப்பைப் பாருங்கள். வணக்கம்.