தொப்பூர் இறக்கத்தில் ஒரு துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தொப்பூர் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் கியரைக் குறைப்பார், எஞ்சினின் உறுமல் மாறும், தூங்கிக்கொண்டிருப்பவரின் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் இடிக்கும். அந்தக் கணவாயில் லாரிகள் தறிகெட்டு ஓடி மோதிய செய்தியும் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. செய்தியில் ஒரு வரி மட்டும் மாறாமல் வரும்: 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி.'

பாலிடெக்னிக்கில் 28 ஆண்டுகள் இயக்கவியல் நடத்தியவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது எரிச்சல் வரும். பிரேக் பிடிக்காமல் போனது கடைசிக் காட்சி. அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் அந்த லாரிக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலாண்டு மாணவர்களிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி இது: விசை ஒரு பொருளை என்ன செய்யும்? 'ஓட வைக்கும் ஐயா' என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். தவறு. ஆனால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் உலகத்துப் பெரியவர்கள் பலரும் இதையேதான் நம்பியிருந்தார்கள். தள்ளினால் வண்டி நகர்கிறது, தள்ளுவதை விட்டால் நின்றுவிடுகிறது. கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது!

கிணற்றடிக்கு வாருங்கள். தண்ணீரோடு சேர்த்து 10 கிலோ உள்ள ஒரு வாளி ராட்டினத்துக் கயிற்றில் தொங்குகிறது. பூமி அதைக் கீழே இழுக்கும் விசை 98 நியூட்டன்; விசையை அளக்கும் அலகின் பெயர் அது. வாளி அசையாமல் தொங்க வேண்டுமானால் கயிறும் அதே 98 நியூட்டன் கொண்டு மேலே இழுக்க வேண்டும். ராட்டினத்தின் உராய்வை இப்போதைக்கு மறந்துவிடுவோம். சரி, அந்த வாளி ஒரே சீரான வேகத்தில் மேலேறிக்கொண்டிருந்தால் கயிற்றில் எவ்வளவு இழுவிசை இருக்கும்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 98-ஐ விடக் கூடுதல் என்பார்கள். மேலே போகிறதே, கூடுதலாக இழுத்தால்தானே போகும் என்பது அவர்கள் வாதம். ஆனால் விடை அதே 98 தான். கூடுதல் விசை தேவைப்படுவது, நின்ற வாளி நகரத் தொடங்கி வேகமெடுக்கிறதே, அந்தச் சில கணங்களுக்கு மட்டும். ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 3 மீட்டர் வீதம் கூடும்படி வெடுக்கென்று இழுத்தால், கயிறு 128 நியூட்டன் தாங்க வேண்டும். இற்றுப்போன கயிறு அந்த இடத்தில்தான் அறும். கிணற்றில் நீர் சேந்திய பெண்களுக்கு இது தெரியும். புதுக் கயிறு வாங்க வழியில்லாத வீட்டில் யாரும் வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள்.

ஆக, விசை வேகத்தைத் தருவதில்லை. வேகத்தை மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் வீதத்துக்குத்தான் முடுக்கம் என்று பெயர். அதுவும் ஏதோ ஒரு விசை அல்ல, எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சுகிற நிகர விசை. அதை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். நியூட்டன் தம் விதிகளை அச்சில் கொண்டுவந்தது 1687-இல். ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 'விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம்' என்ற வடிவத்தில் அவர் எழுதவில்லை. இயக்கத்தின் மாற்றம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவர் சொன்னது. எந்தப் பொருளுக்கும், மூன்று திசைகளிலும் தனித்தனியாக எழுதிக் கணக்குப் போடக்கூடிய சமன்பாடாக அதை 1750-இல் முன்வைத்தவர் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை. பொறியாளர்கள் அன்றாடம் பயன்படுத்துவது அவர் தந்த வடிவம்தான். புகழ் மட்டும் நியூட்டனோடு நின்றுவிட்டது.

இப்போது லாரிக்கு வருவோம். சரக்கோடு 40 டன். பொறியியல் இயக்கவியலில் இதை நாங்கள் 'துகள்' என்போம். வகுப்பில் சிரிப்பு எழும். 40 டன் லாரி துகளா? ஆம். பொருள் எவ்வளவு பெரியது என்பது இங்கே கேள்வியே அல்ல. அது உருள்கிறதா, சுழல்கிறதா, கவிழ்கிறதா என்ற கவலை நமக்கு இல்லாத வரை, அதன் மொத்த நிறையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போடலாம். பிறகு அந்தப் புள்ளியை மட்டும் தாளில் வரைந்து, அதைத் தொடும் விசைகளை அம்புக்குறிகளால் காட்ட வேண்டும். இந்தப் படம் சரியாக அமைந்தால் கணக்கில் பாதி முடிந்தது. தேர்வில் தோற்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் படத்தில்தான் தோற்றார்கள்.

சாலை 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்குவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இது பெரிய சரிவாகவே தெரியாது. லாரியின் எடையில் சரிவின் வழியே கீழே இழுக்கும் பங்கு ஏறக்குறைய 15,700 நியூட்டன். டயர்களின் உருளல் தடையும் காற்றின் தடையும் சேர்ந்து அதில் கால் பங்கைத் தின்றுவிடும் என்று தாராளமாகவே வைப்போம். மிச்சம் சுமார் 11,800 நியூட்டன். கியரில் இருக்கும் எஞ்சின் இதற்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கும் லாரி அதே 40-இல் இறங்கிக்கொண்டிருக்கும். நிகர விசை சுழி, முடுக்கமும் சுழி. ஓட்டம் மட்டும் உண்டு.

இந்த நேரத்தில் ஓட்டுநர் டீசல் மிச்சமாகட்டும் என்று கியரை நியூட்ரலில் போடுகிறார். பிடித்துக்கொண்டிருந்த கை விலகிவிட்டது. 11,800 நியூட்டனை 40,000 கிலோவால் வகுத்துப் பாருங்கள். முடுக்கம் நொடிக்கு நொடி 0.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும். வண்டிக்காரர் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு நொடிக்கும் வேகமானியில் ஒரு கிலோமீட்டர் ஏறும். 40, 41, 42. ஓட்டுநரின் உடம்புக்கு இது உறைக்காது. பத்து நொடியில் 50 ஆகும். கைப்பேசி ஒலித்து எடுத்துப் பேசினாலோ, வெற்றிலை மடித்தாலோ ஒரு நிமிடம் போய்விடும். அதற்குள் வேகம் 100. கடந்த தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை.

கலிலியோ இதே வேலையை வேண்டுமென்றே செய்தார். நேராகக் கீழே விழும் பொருளின் வேகம் கண்ணுக்கும் கைக்கும் அடங்காமல் கூடியதால், சாய்ந்த மரப்பலகையின் பள்ளத்தில் உலோகக் குண்டுகளை உருட்டி, ஈர்ப்பை மெதுவாக்கிப் படித்தார். நேரம் அளக்க, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை எடைபோட்டார். அவரது முடிவுகள் 1638-இல் நூலாக வெளிவந்தன. நேரம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்கு என்று கண்டார். தொப்பூர் இறக்கமும் அப்படியொரு சாய்பலகைதான், ஆனால் இங்கே குண்டின் எடை 40 டன், எதிரே கார்கள்.

ஏற்றிய வண்டிதான் வேகமாக ஓடும், காலி வண்டி ஓடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நிறை இருமடங்கானால் கீழே இழுக்கும் விசையும் இருமடங்கு, வகுக்க வேண்டிய நிறையும் இருமடங்கு. இரண்டும் அடிபட்டுப் போகும். காற்றுத்தடை மட்டும் காலி வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். வேறுபாடு பிரேக்கில்தான் வரும். ஏற்றிய லாரியை வெறும் பிரேக்காலேயே 40 கிலோமீட்டரில் பிடித்து இறக்கினால், சக்கரங்களோடு சுழலும் அதன் பிரேக் டிரம்களில் வெளிப்படும் வெப்பம் 130 கிலோவாட் அளவு. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் 130-ஐ ஒன்றாகச் சூடேற்றியதற்குச் சமம், அதுவும் இறக்கம் முடியும் வரை. டிரம் சூட்டில் விரிந்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேலுள்ள லைனிங்கின் உராய்வும் குறையும். மிதியை அடிவரை மிதித்தாலும் பலன் இருக்காது. செய்தித்தாளின் அந்த வரி இங்கே பிறக்கிறது.

இதில் எனக்கு வேதனை தருவது டீசல் மிச்சம் என்ற எண்ணம்தான். மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். மிச்சப்படுத்தப் போய்ச் செலவழிக்கிறார்கள். எஞ்சினையே அணைத்துவிடுகிறவர்கள் கதை இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் அதோடு நின்றுவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும்.

என் தாய்மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர் தொழிலில் வழங்கிய பாடம். நான் பட்டயம் படித்துவிட்டு வந்து, குறைந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது எதிர்விசை கூடும் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'பெங்களூர் போனால் எனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிவா' என்றார்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து நேயர்களுக்காக ஒரு செய்தி. அங்கே கிரானைட் கற்களை ஏற்றிப்போகும் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கன மீட்டர் கல் 2.7 டன் இருக்கும். ஆளுயரக் கல் ஒன்று எளிதாகப் பத்துப் பன்னிரண்டு டன் வரும். குவாரி ஒன்றில் நின்றிருந்தபோது, சங்கிலியைச் சும்மா தளர்வாகப் போட்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். 'இவ்வளவு கனமான கல் எங்கே ஐயா நகரப்போகிறது' என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கல் கனமாக இருந்தால் அதைத் தட்டோடு பிடித்துவைக்கும் உராய்வு கூடும். ஆனால் வண்டி நிற்கும்போது அந்தக் கல்லையும் சேர்த்து நிறுத்த வேண்டுமே! அதற்குத் தேவையான விசையும் அதே விகிதத்தில் கூடும். மறுபடியும் நிறை அடிபட்டுப் போகிறது. இரும்புத் தட்டுக்கும் கல்லுக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 என்று, அதாவது கல்லின் எடையில் 0.4 பங்கு வரை உராய்வு பிடிக்கும் என்று வைத்தால், வேகம் நொடிக்கு நொடி 3.9 மீட்டர் வீதத்துக்கு மேல் குறையும்போது கல் சறுக்கத் தொடங்கும். அவசரத்தில் அழுத்திப் பிரேக் போட்டால் இந்த அளவு தாண்டிவிடும். பத்து கிலோ கல்லானாலும் பத்து டன் கல்லானாலும் சறுக்கத் தொடங்கும் இடம் ஒன்றே. கல்லை யாரும் முன்னால் தள்ளுவதில்லை. வண்டி நிற்கிறது, கல் தன் பழைய வேகத்திலேயே போகிறது, நடுவில் ஓட்டுநரின் கேபின் இருக்கிறது. அதனால்தான் இறுக்கமான சங்கிலியும் முன்னால் ஆப்பும் வேண்டும் என்கிறேன்.

கடைசியாக வளைவு. வேகமானி முள் அசையாமல் நின்றாலும் வளைவில் திரும்பும் வண்டிக்கு முடுக்கம் உண்டு, ஏனெனில் திசை மாறுகிறது. 150 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் பக்கவாட்டு முடுக்கம் நொடிக்கு நொடி 0.8 மீட்டர் அளவு. 100-இல் போனால் வேகம் இரண்டரை மடங்குதான், முடுக்கமோ ஆறேகால் மடங்காகி 5-ஐத் தாண்டும். தானாகக் கீழே விழும் பொருள் பெறும் ஈர்ப்பு முடுக்கமான 9.8-இல் இது பாதிக்கும் மேல். உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி அதைத் தொடும் முன்பே உள்பக்கச் சக்கரங்களைத் தூக்கிவிடும்.

இந்த இடத்தில் நான் வரைந்த படம் உதவாது. எவ்வளவு உயரத்தில் சரக்கு, சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். துகளுக்கு உயரமும் இல்லை, அகலமும் இல்லை. அதற்குக் கவிழத் தெரியாது. லாரிக்குத் தெரியும். அந்தக் கணக்கு, பொருளின் உருவத்தையும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் திண்பொருள் இயக்கவியலைச் சேர்ந்தது, நிலையத்தார் இன்னொரு முறை அழைத்தால் அதைப் பேசலாம்.

வணக்கம்.