சுவரை மூடுவதற்கு முன் எடுத்த படங்கள்

வணக்கம். எல்லோரும் நலமா? இன்று வெளியே எங்கும் போகவில்லை, கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு பேசப் போகிறேன். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டாவது குளிர்காலம் இது. வெளிநாட்டில் மனை வாங்கி வீடு கட்டுவது பற்றி முழுதாக ஒரு வீடியோ போடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

லோன், விசா, மனை வாங்கும் உரிமை இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். என் அனுபவத்தை வைத்து நான் ஒன்று சொல்லி, நீங்கள் இருக்கும் இடத்தில் அது தப்பாகப் போனால் எனக்கு மனசு கேட்காது. அதற்கு அங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள், அந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் பேசப் போவது வேறு. எந்த நாட்டில் கட்டினாலும் இதைச் செய்யுங்கள் என்று ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால், நான் சொல்வது இதுதான்: சுவரை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதை எல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். செங்கல் சுவர் என்றால் உள்ளேயும் செங்கல்தான், எங்கே ஆணி அடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்து வளர்ந்தவள் நான். இது மரச்சட்ட வீடு. இந்தச் சுவரைத் தட்டுகிறேன், சத்தத்தைக் கேளுங்கள். இங்கே ‘டொப்’, கொஞ்சம் தள்ளி இங்கே ‘டக்’. ‘டக்’ என்று கேட்கும் இடத்தில் மரச்சட்டம் நிற்கிறது. இந்த மாதிரி வீடுகளில் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, இல்லையென்றால் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று சட்டங்களை நிறுத்துவார்கள். நடுவில் வீட்டுச் சூட்டைக் காக்கும் இன்சுலேஷன், ஒயர், தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய். இது குளிர்ப் பிரதேசம் என்பதால் சுவரின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தாள், வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் போகாமல் தடுக்க. அதன் மேல் ஜிப்சம் போர்டு, அதன் மேல் பெயின்ட். வெயிலும் புழுக்கமும் அதிகமாக இருந்து ஏசி ஓடுகிற ஊரில் அந்தத் தாளை உள்பக்கம் ஒட்டினால் அதுவே வினை, வெளியிலிருந்து வரும் ஈரம் அதன் பின்னால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் வேறொரு நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சுவரைப் பார்த்து அப்படியே வேண்டும் என்று கேட்காதீர்கள். சுவர் அந்தந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற மாதிரிதான் இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வந்து ஒயரிங், குழாய் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, போர்டு அடிக்க ஆள் வருவதற்குள் எங்களுக்குக் கிடைத்தது நான்கு நாள். நானும் என் கணவரும் வேலை முடிந்து சாயங்காலம் நேராக இங்கே வந்துவிடுவோம். கரண்ட் கிடையாது, டார்ச்தான். ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு இடப்பக்கம் ஆரம்பித்து ஒரு சுற்று. அவர் டேப்பைத் தரையிலிருந்து நேராகப் பிடிப்பார், நான் படம் எடுப்பேன். டேப் இல்லாத படம் பிரயோஜனப்படாது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில், மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் என்று தெரிய வேண்டும். 300 படத்துக்கு மேல் எடுத்தோம். மேற்கூரையையும் எடுத்தோம்.

முதல் குளிர்காலம் நடுவில், குளியலறை சீலிங்கில் மூலையில் ஒரு கறை வந்தது. டீ சிந்தின மாதிரி நிறம், ஒரு நாணயம் அளவு. துடைத்தால் போகவில்லை. இரண்டு வாரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பரவியது. ஸ்டூல் போட்டு ஏறி விரலால் தொட்டுப் பார்த்தேன். ஊறின பிஸ்கட் மாதிரி இருந்தது, லேசாக அழுத்தியதற்கே உள்ளே போனது. புது வீடு. எத்தனை வருடச் சேமிப்பு! அன்றைக்கு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். அவர் யார் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீங்கள் வெந்நீரில் ரொம்ப நேரம் குளிக்கிறீர்கள், உங்கள் பழக்கம் அப்படி. கட்டுமானத்தில் குறை இல்லை” என்றார். அந்த ‘உங்கள் பழக்கம்’ என்ற வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளியூர்க்காரர்கள் என்பதாலேயே தப்பு நம் பக்கம்தான் என்று ஒருவர் முடிவுகட்டும்போது, பதிலுக்கு என்ன சொல்வது என்றே தெரியாமல் போகிறது. மொழி வேறு முழுதாக வரவில்லை. அன்று இரவு படங்களை எடுத்துப் பார்த்தோம்.

இந்தப் படத்தைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து வெள்ளி நிறத்தில் வளைகிற குழாய் மேலே போகிறதா? அது கூரையைத் தாண்டி வெளியே போய் முடிய வேண்டும். எங்கே முடிகிறது பாருங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில், அந்தரத்தில். அதை யாரும் வெளியே இணைக்கவே இல்லை. நாங்கள் குளித்த ஆவி முழுதும் மாதக்கணக்கில் அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 5 கிராம்கூடத் தாங்காது. மீதி அங்கேயே தண்ணீராகிவிடும், குளிர் இன்னும் அதிகமென்றால் கூரைப் பலகையில் பனியாக ஒட்டிக்கொள்ளும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் நாளில் அது உருகிச் சொட்டும். எங்கள் சீலிங்கில் கறை பிடித்தது அந்தத் தண்ணீரால்தான். வெந்நீரில் குளித்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எத்தனை சிக்கனமாகக் குளித்தாலும் அந்தக் குழாய் வீட்டுக்குள்தான் ஊதியிருக்கும்.

மறுநாள் போன் பேசவில்லை. இதுவும் நான் கற்றுக்கொண்ட பாடம். மொழி அரைகுறையாக இருக்கும்போது போனில் நம் குரல் தளர்ந்துவிடும், எழுத்தில் தளராது. ஒரு மெயில், ஆறே வரி. படம் எடுத்த தேதி, குழாய் முடியும் இடம், கறையின் படம், ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான். பத்து நாளில் ஆள் வந்தது. கூரையில் துளைபோட்டு, அதற்கு ஒரு மூடி பொருத்தி, குழாயை இன்சுலேஷன் சுற்றி வெளியே கொண்டுபோய் விட்டார்கள். சீலிங் போர்டை அந்த மூலையில் வெட்டிப் புதிதாகப் போட்டார்கள்.

அவர்கள் அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, எங்கள் கையில் பிடித்தம் இருந்தது. கட்டி முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு பங்கை, 5 சதவீதமோ என்னவோ உங்கள் ஊரில் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அந்த அளவை, குறைகள் தீரும்வரை நிறுத்தி வைக்கும் பிரிவு இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, ஹாலுக்கு வருவோம். இந்த ஜன்னலில், கண்ணாடியின் அடி ஓரத்தில் வரிசையாகத் துளிகள் தெரிகிறதா? இதற்குக் கான்ட்ராக்டர் காரணமில்லை, இது எங்களால்தான். நேற்று உள்ளே துணி காயப் போட்டிருந்தோம். வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஜன்னல் ஓரம்தான் முதலில் அந்த நிலைக்கு வரும். அதனால் ஒரு ஈரப்பத மானி வாங்கி வைத்திருக்கிறேன், இதோ, 54 காட்டுகிறது. கடுங்குளிரில் 40-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் எங்கள் ஜன்னல் காய்ந்தே இருக்கிறது. துளியைப் பார்த்தால் முதலில் துடைத்துவிடுங்கள், அப்புறம் காரணத்தைத் தேடுங்கள்.

புது வீடுகளில் இந்தப் பிரச்சினை அதிகம், ஏனென்றால் இப்போது வீட்டைக் காற்றுப் புகாமல் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் 1991-இல் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வரிசை வீடுகளில், அதாவது சூடாக்க மிகக் குறைந்த எரிசக்தியே போதும்படி கட்டிய வீடுகளில், ஆட்கள் குடிபோனார்கள். அந்த முறையில் ஒரு சோதனை உண்டு. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போது, இடுக்குகள் வழியாக ஒரு மணி நேரத்தில் மாறும் காற்று வீட்டின் கொள்ளளவில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது. அவ்வளவு இறுக்கம். அப்படிக் கட்டினால் நல்ல காற்றை உள்ளே கொண்டுவர இயந்திரம் வேண்டும், வெளியேறும் காற்றின் சூட்டை வாங்கி உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கிற இயந்திரம். எங்கள் வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ‘ம்ம்ம்’ என்ற சத்தம் கேட்கிறதா? முதல் மாதம் அந்தச் சத்தம் பிடிக்காமல் இரவில் நிறுத்தி வைத்தோம். அப்படிச் செய்யாதீர்கள், நான்கே நாளில் காலையில் எல்லோருக்கும் தலைவலி.

ரேடானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு, நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்று. கீழ்த்தளத்தில் அளவுகருவி வைத்துச் சில மாதம் பாருங்கள். முடிந்தவரை இதைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல், பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு.

இந்த ஹால் ஜன்னலை இங்கே வைத்ததுதான் நாங்கள் எடுத்ததிலேயே நல்ல முடிவு. மனை வாங்கிய பிறகு உடனே கட்டவில்லை, ஒரு முழு வருடம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து வெறும் மனையில் நிற்போம். சூரியன் எங்கே எழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்போம். 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் நடுவில் உச்சிப் பொழுதிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 17 டிகிரிகூட ஏறாது. ஜூனில் 63 டிகிரிக்கு மேல் ஏறும். அதனால் தெற்கே பெரிய ஜன்னல், மேலே சின்னதாக ஒரு சன்ஷேடு. கோடையில் அது வெயிலை மறைக்கும், குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் அதன் அடியில் புகுந்து எதிர்ச் சுவர்வரை வந்துவிடும். வரைபடத்தில் வடக்கே இருந்த ஹாலை இந்தப் பக்கம் மாற்றியது அந்த ஒரு வருடம் நின்று பார்த்ததால்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இது அப்படியே தலைகீழ், ஜன்னல் வடக்கே.

இப்போது மனசு விஷயம். குடிவந்த புதிதில் எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும். வீடு நம் பெயரில், சாவி நம் கையில், ஆனாலும் யார் வீட்டிலோ விருந்தாளியாக இருக்கும் உணர்வு. கலேர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தியிருக்கிறார், ‘கல்ச்சர் ஷாக்’ என்ற சொல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. எப்போது கைகுலுக்குவது, சொன்னதை எப்போது நிஜமாக எடுத்துக்கொள்வது என்ற சின்னச் சின்ன அடையாளங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போவதால் வரும் பதற்றம் அது என்கிறார். ஆரம்பத்தில் மயக்கம், அப்புறம் எரிச்சல், அப்புறம் மெல்ல மெல்லத் தேறுவது. அதைப் படித்தபோது எனக்குக் கோளாறு ஒன்றுமில்லை என்று புரிந்தது, அதுவே பாதி ஆறுதல்.

மீதி ஆறுதல் வீட்டைத் தெரிந்துகொண்டதில் வந்தது. முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டு அம்மா வந்து, தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கும் என்று காட்டி, என் கையாலேயே திருகச் சொன்னார். மெயின் சுவிட்சும் அப்படியே. அன்றைக்கு அதன் அருமை தெரியவில்லை. நடு இரவில் ‘படீர்’ என்று ஒரு சத்தம் வரும், முதலில் யாரோ வந்துவிட்டார்கள் என்று பயந்தோம். குளிரில் மரம் சுருங்குகிற சத்தம் அது. இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வெளியே குளிர் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு புரண்டு படுக்கிறேன்.

மேலே மகள் அறைக்குப் போய் முடித்துக்கொள்கிறேன். அந்த நான்கு நாளில் ஒரு நாள் அவளையும் கூட்டி வந்திருந்தோம். நாங்கள் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பென்சில் எடுத்து ஒரு மரச்சட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டாள். அப்போது ஐந்து வயது, எழுத்து ஒன்று தலைகீழாக இருக்கும். அந்தப் படமும் இந்த 300-இல் இருக்கிறது. தரையிலிருந்து 74 சென்டிமீட்டர், ஜன்னல் ஓரத்திலிருந்து 38. போன வாரம் அவளே டேப்பைக் கொண்டுவந்து அளந்து, பெயின்ட் மேலே சின்னதாக ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். இதோ, இங்கேதான். தட்டிப் பார்க்கிறேன், கேளுங்கள். ‘டக்.’