ஊசி வலிக்கவே இல்லையா? சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

"சிஸ்டர், ஊசி கொஞ்சம்கூட வலிக்கல, அவ்ளோ அழகா சொல்லிக் குடுத்தீங்க." டிஸ்சார்ஜ் ஆகி பத்து நாள் கழிச்சு ரிவ்யூக்கு வந்த ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னது இது. அன்னிக்கு அவங்க சுகர் 380.

ஒரு வேளை மருந்துகூட தவறல, சாப்பாடும் கட்டுப்பாடா இருந்திருக்காங்க, இன்சுலின் பென்ல, அதாவது பேனா மாதிரி இருக்கிற ஊசிக் கருவில, இருந்த மருந்தும் கணக்கா குறைஞ்சிருக்கு. அப்புறம் எப்படி 380? அடுத்த டோஸ் போட வேண்டிய நேரம்தான் அது, அதனால "அம்மா, வீட்ல எப்படி போடுறீங்களோ அப்படியே என் முன்னாடி போடுங்க"ன்னு சொன்னேன். பென்ல ஊசிய திருகுனாங்க, பெரிய மூடிய கழட்டுனாங்க, டயலைத் திருப்பி யூனிட் வெச்சாங்க, வயித்துல வெச்சு அழுத்துனாங்க, பொறுமையா பத்து எண்ணுனாங்க. எல்லாம் கரெக்ட், ஆனா ஊசி மேல இன்னொரு குட்டி மூடி இருக்கும்ல, அந்த உள் மூடிய எடுக்கவே இல்ல. பத்து நாளா ஊசி அவங்க தோலைத் தொடல. மருந்து மூடிக்குள்ளேயே கசிஞ்சு வயித்து மேல வழிஞ்சிருக்கு, அவங்களும் பஞ்சு வெச்சு தொடைச்சு விட்டுட்டே இருந்திருக்காங்க. பின்ன எங்கேர்ந்து வலிக்கும்?

தயவுசெஞ்சு அந்த அம்மாவ யாரும் குறை சொல்லாதீங்க. வார்டுல நாங்க யூஸ் பண்ணது தானா மூடிக்கிற சேஃப்டி ஊசி, அதுல உள் மூடியே கிடையாது. வீட்டுக்கு வாங்கிட்டுப் போனது ரெண்டு மூடி உள்ள சாதா ஊசி. நாங்க ஒண்ணைக் காட்டி சொல்லிக் குடுத்துட்டு வேற ஒண்ணைக் கையில குடுத்து அனுப்பிட்டோம். இது எங்கயோ ஒருத்தருக்கு நடந்த கதைன்னும் நினைக்காதீங்க, அமெரிக்காவுல 2017ல இதே தப்புக்காக மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கையே வந்துச்சு, ஒரு நோயாளி இதனால இறந்தே போயிட்டாங்க.

வணக்கம் மக்களே. நான் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். சர்க்கரை நோய் இருக்கிறவங்க என்கிட்ட ரொம்ப சந்தோஷமா சொல்ற வார்த்தை "வலிக்கல", நான் ரொம்ப பயப்படுற வார்த்தையும் அதுதான். ஏன்னு சொல்றேன், கடைசி வரைக்கும் இருங்க.

பேக்ரவுண்டு ஒரே மூச்சுல முடிச்சிடறேன். டைப் 1 சர்க்கரை நோய்ல, ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலினை உடம்பு கிட்டத்தட்ட சுரக்கவே சுரக்காது, டைப் 2ல சுரக்கிறது சரியா வேலை செய்யாது, போகப் போக சுரக்கிறதும் குறையும், 1921ல டொராண்டோல பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரிச்சு எடுத்தாங்க, 1922 ஜனவரில லியோனார்ட் தாம்சன்னு ஒரு 14 வயசு பையனுக்கு முதல்ல போட்டாங்க. அவ்ளோதான், மேட்டருக்கு வந்துடலாம்.

[ஸ்கிரீன்ல வயித்துப் படம்]

இப்போ ஊசி நிஜமாவே உள்ள போகுது, ஆனாலும் வலிக்கலன்னு வைங்க. இந்தப் பகுதி கொஞ்சம் நீளம், ஆனா இன்சுலின் போடுறவங்க யாரும் இதை ஸ்கிப் பண்ணிடாதீங்க ப்ளீஸ்.

ஒரே இடத்துல தினமும் போட்டா தோலுக்குக் கீழ கொழுப்பு திரண்டு கட்டி மாதிரி ஆயிடும். லிப்போஹைப்பர்டிராஃபின்னு புக்ல இருக்கும், நாங்க கொழுப்புக் கட்டின்னு சொல்லிடுவோம். இன்சுலினுக்கே கொழுப்பு செல்லை வளர்க்கிற குணம் உண்டு, அதை ஒரே இடத்துல கொட்டிக்கிட்டே இருந்தா அங்க வளரத்தானே செய்யும், இதுல பழைய ஊசியவே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணா முனை வளைஞ்சு திசுவையும் கிழிக்கும். பெரிய சிக்கல் என்னன்னா, அந்த இடத்துல உணர்ச்சி கம்மி. குத்துனா வலிக்காது. வலிக்காததால மனசு தானா அங்கயே போகும், அங்கயே போடப் போட கட்டி இன்னும் பெருசாகும்.

ஒரு ஐயாவுக்கு டோஸ் 18 யூனிட்ல ஆரம்பிச்சு 40 வரைக்கும் ஏறிடுச்சு, காலைல பார்த்தா 300, சில நாள் ராத்திரி திடீர்னு 60க்கு இறங்கி வேர்த்துக் கொட்டும், வீட்ல எல்லாரும் அவர் ஒளிச்சு வெச்சு ஏதோ சாப்பிடுறார்னு சண்டை. வயித்தைப் பார்த்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. விரல்ல கொஞ்சம் ஜெல் தடவி மெதுவா வட்டமா தேய்ச்சுக்கிட்டே போனேன். நல்ல தோல் மெத்துன்னு விரலுக்கு வழி விடும், ரெண்டு விரலால கிள்ளுனா மெல்லிசா மடிப்பு வரும். தொப்புளுக்கு வலது பக்கம் வந்ததும் விரல் தட்டி ஏறுச்சு, ரப்பர் மாதிரி, கிள்ளவே வரல. இடது பக்கமும் அப்படியே, உள்ளங்கை அகலத்துக்கு. "இங்கதான் ஐயா போடுறீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமாம்மா, இங்கதான் வலிக்காது"ன்னார்.

இதை நான் இப்படித்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். நல்ல தோல் மணல் மாதிரி, தண்ணி ஊத்துனா சீரா இறங்கும். கட்டி வந்த இடம் களிமண் பள்ளம், ஊத்துனது அங்கயே தேங்கி நிக்கும், எப்போ இறங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு வேலை செய்ய வேண்டிய மருந்து வீடே தூங்கும்போது வேலை செஞ்சா என்னாகும்? அதனாலதான் அவருக்குக் காலைல 300, ராத்திரி 60. சாப்பாட்டு மேல பழி போட்டு அந்த மனுஷனை அழ வெச்சுட்டாங்களேன்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு. 2013ல வெளிவந்த ஒரு ஸ்பெயின் ஆய்வுல இன்சுலின் போடுற 430 பேரை செக் பண்ணதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேருக்கு இந்தக் கட்டி இருந்துச்சுன்னா பார்த்துக்கோங்க.

இதைக் கேட்டுட்டு யாராவது இன்னிக்கே புது இடத்துல அதே 40 யூனிட்டைப் போட்டுடாதீங்க! நல்ல தோல்ல மருந்து முழுசா இறங்கி சுகர் சடார்னு கீழ போயிடும். டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் குறைச்சுக்கிட்டு, அடிக்கடி சுகர் செக் பண்ணிக்கிட்டே தான் இடம் மாத்தணும். மாத்துறதும் ஈஸிதான், தொப்புளை ஒட்டுன இடத்தை விட்டுட்டு வயித்தை நாலு பாகமா பிரிங்க, ஒரு வாரத்துக்கு ஒரு பாகம், ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் ஒரு விரல் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. போடுறதுக்கு முன்னாடி 2 யூனிட் வெளிய விட்டு சொட்டு வருதான்னு பாருங்க, போட்டுட்டு பத்து எண்ணிட்டு எடுங்க. பென் இல்லாம சிரிஞ்ச்ல போடுறவங்க, பாட்டில்ல 40ன்னு இருந்தா 40 சிரிஞ்ச், 100ன்னு இருந்தா 100 சிரிஞ்ச், மாத்தி எடுத்தா டோஸ் ரெண்டரை மடங்கு கூடும் இல்ல ரெண்டரை மடங்கு குறையும், இது சத்தியமா விளையாட்டில்ல.

அடுத்தது கால். வருஷக்கணக்கா சுகர் அதிகமாவே இருந்தா கால் நரம்புக்கு உணர்ச்சி போயிடும். இதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட இருக்கிறது ஒரு நைலான் நூல்தான், மோனோஃபிலமென்ட்னு பேரு, தோல்ல வெச்சு அழுத்தி அது வளையும்போது சரியா 10 கிராம் அழுத்தம் விழும். முதல்ல கையில தொட்டு எப்படி இருக்கும்னு காட்டுவோம், அப்புறம் கண்ணை மூடச் சொல்லிட்டு பாதத்துல தொடுவோம். கண்ணைத் திறந்து வெச்சிருந்தா பாவம், பார்த்துட்டே "தெரியுது தெரியுது"ன்னு சொல்லிடுவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, கண்ணு பார்க்கிறத கால் உணர்றதா மனசு நம்பிடும்.

வலி இல்லன்னா என்ன ஆகும்னு உலகத்துக்குப் புரிய வெச்சவர்ல ஒருத்தர் டாக்டர் பால் பிராண்ட். 1946ல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் பண்ணவர். நோய்தான் விரலை அரிக்குதுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம், அவர் உக்காந்து கவனிச்சதுல காயம் ஆகுறது தெரியாததாலதான் விரல் போகுதுன்னு புரிஞ்சுது. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சாகூட அவங்களுக்குத் தெரியல, அதுக்காகவே பூனை வளர்க்கக் குடுத்திருக்காங்க! பின்னாடி அமெரிக்காவுல கார்வில்ங்கிற ஊர்ல வேலை பார்த்தப்போ இதே பாடத்தை சர்க்கரை நோயாளிங்க கால் புண்ணுக்கும் கொண்டு போனார். எனக்கு இந்தக் கதைய எத்தனை தடவை சொன்னாலும் புல்லரிக்கும்.

அதனால கால் உணரலன்னா கண்ணுதான் உணரணும். தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க, குனிய முடியலன்னா கீழ கண்ணாடி வெச்சுப் பாருங்க, விரல் இடுக்கை மறக்காதீங்க, அங்க ஈரம் நிக்கக்கூடாது, க்ரீமும் போடக்கூடாது. செருப்பு ஷூ போடுறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க, ஒருத்தர் ஷூவுக்குள்ள சட்டை பட்டன் ஒண்ணு கிடந்து அதோடயே நாள் பூரா நடந்திருக்கார், சாக்ஸ்ல ரத்தம் பார்த்துத்தான் தெரிஞ்சுது. வென்னீர்ல காலை வைக்காதீங்க, சூடு பார்க்கிற வேலைய வீட்ல வேற ஒருத்தருக்குக் குடுங்க. கால் ஆணிய பிளேடால சீவவே சீவாதீங்க.

மூணாவது, சுகர் குறையறது. 70க்குக் கீழ போனா படபடப்பு, வேர்வை, நடுக்கம், பசின்னு உடம்பு கத்தும், ஆனா அடிக்கடி குறைஞ்சுட்டே இருந்தா அந்தக் கத்தலும் நின்னுடும், நேரா மயக்கம்தான். 70க்குக் கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக். சாக்லேட் வேணாம், அதுல இருக்கிற கொழுப்பால சர்க்கரை ஏற லேட் ஆகும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை போடுறவங்களுக்கு சாதா சர்க்கரை உடனே கேக்காது, குளுக்கோஸேதான் வேணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

இந்த வீடியோவ லைக் பண்றீங்களோ இல்லையோ, வீட்ல இன்சுலின் போடுற ஒருத்தருக்கு அனுப்பி விடுங்க. கமெண்ட்ல நீங்க எந்த இடத்துல போடுறீங்க, கடைசியா எப்போ இடம் மாத்துனீங்கன்னு எழுதுங்க, நான் உக்காந்து படிப்பேன்.

நர்ஸ் தங்கச்சிங்க பார்த்துட்டு இருந்தீங்கன்னா உங்களுக்கு ஒண்ணு. "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்கடா. அதுக்கு எல்லாரும் தலையத்தான் ஆட்டுவாங்க, வெக்கம், பயம், வீட்டுக்குப் போற அவசரம். "போய் எப்படி போடுவீங்க, எனக்குக் காட்டுங்க"ன்னு கேளுங்க, வீட்டுக்கு எந்த ஊசி போகுதோ அதே ஊசிய கையில குடுத்துக் கேளுங்க. தப்பா செஞ்சா "நான்தான் சரியா சொல்லல"ன்னு சொல்லிட்டு மறுபடி காட்டுங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். எனக்கும் வார்டுல நேரம் இல்லதான், ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தை அன்னிக்கு நான் குடுத்திருந்தா 380 வந்திருக்காது.

அந்த அம்மா அடுத்த ரிவ்யூக்கு வந்தப்போ நான் கேக்கிறதுக்கு முன்னாடியே பென்னை எடுத்துட்டாங்க. பெரிய மூடிய கழட்டி மேஜை மேல வெச்சாங்க, குட்டி மூடிய கழட்டி அதுக்குப் பக்கத்துல வெச்சாங்க, "ஒண்ணு, ரெண்டு"ன்னு எனக்கு எண்ணிக் காட்டிட்டுத்தான் டயலைத் திருப்புனாங்க. குத்துனதும் லேசா முகத்தைச் சுளிச்சு, "இப்போ கொஞ்சம் சுருக்குங்குது சிஸ்டர்"ன்னு சிரிச்சாங்க.