16 அங்குல டயரும் காயலான் கடைத் தராசும்

நேற்று மாலை சென்னை மேற்கு மாம்பலத்தில், எங்கள் தெருமுனைக் காயலான் கடையில், நான்கு பேர் வேடிக்கை பார்க்க, ஒரு மின்சார மடக்கு சைக்கிளைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “புதுசா இருக்கே சார், இதையும் போடப் போறீங்களா?” என்பதுதான். விளம்பரத்தில் 16 கிலோ என்று போட்டிருந்த சைக்கிள், அவருடைய தராசில் 21 கிலோ 400 கிராம் காட்டியது. தராசில் ஏதோ கோளாறு என்று நினைத்து என் 5 கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். அது 5 கிலோவாகத்தான் இருந்தது. இந்தக் காணொளியை எடுத்தே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன் என்பதும், என் பழைய சைக்கிள் கீழே மின்மீட்டர் பெட்டிக்கு அருகில் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது என்பதும், அதன் மணி மட்டும் இரண்டு முறை களவு போயிற்று என்பதும் என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே, மடித்து மேலே தூக்கிச் சென்று கட்டிலுக்கடியில் தள்ளிவிடக்கூடிய ஒரு வண்டி மீது எனக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என் சித்தி மகன் 46,500 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய வண்டியை, இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கி வந்திருக்கிறேன்.

இது எதன் நகல் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் தம் குடியிருப்பில் உட்கார்ந்து உருவாக்கிய பிராம்ப்டன் மடக்கு சைக்கிள்தான் இதன் அசல். அவருடைய ஜன்னலுக்கு எதிரே இருந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்தார். பெயர் ரிட்சி என்றதும் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த நம் மவுண்ட் ரோடு ரிச்சி தெருவும், அங்கே கிடைக்கும் நகல்களும் என் நினைவுக்கு வந்தன என்பதை மறைக்க மாட்டேன். பின்சக்கரம் அடியில் சுருண்டு, வண்டி தன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும் அந்த மடிப்பின் காப்புரிமை காலாவதியாகி ஆண்டுகள் பலவாகிவிட்டன. வடிவத்துக்குப் பதிப்புரிமை கோர முடியுமா என்று பிராம்ப்டன் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2020 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், படைப்பாளியின் சொந்தத் தேர்வுகள் வடிவத்தில் தெரிந்தால் கோரலாம் என்றது. அது அவர்கள் ஊர் வழக்கு. என்னைப் பொறுத்தவரை, வடிவத்தைப் பார்த்துச் செய்வது நகல். பெயரையும் ஒட்டி விற்பதுதான் போலி. சித்தி மகனின் வண்டியில் எந்தப் பெயரும் இல்லை. அந்த அளவில் அது நேர்மையான வண்டிதான்.

ஆனால் எடையில் அந்த நேர்மை இல்லை. அசல் நிறுவனத்தின் மின்சார வண்டி ஏறத்தாழ 17 கிலோதான். அதிலும் முன்பக்கப் பையில் இருக்கும் பேட்டரியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆகவே பாரம் இரு கைகளுக்கும் பிரிந்துவிடும். நகலில் பேட்டரியைப் பின் கேரியரோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மாம்பலம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் 21 கிலோவை ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஏறியபோது, என் பின்னால் வந்த அம்மையார் ஒருவர், “ஓட்டிட்டே வந்திருக்கலாமே தம்பி” என்றார். தூக்க எளிதான அசலின் விலை லண்டனிலேயே நம் பணத்தில் 3 லட்சத்தைத் தொடும் என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

இனி டயர் கதை. இதை நான் சுருக்கமாகச் சொல்லப் போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உஸ்மான் சாலையில் ஏதோ ஆணி கிழித்துப் பின் டயர் பிளந்துவிட்டது. இரவல் வண்டியாயிற்றே என்று பதறிக்கொண்டு ரத்தன் பஜாருக்குப் போய், “16 அங்குல டயர்” என்று கேட்டேன். குழந்தைகள் சைக்கிளுக்கான டயரை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து முக்கால் மணி நேரம் நெம்புகோலோடு மல்லுக்கட்டி, இரண்டு விரல்களில் தோல் உரிந்த பிறகுதான் பழைய டயரின் ஓரத்தில் 37-349 என்றும் புதியதில் 47-305 என்றும் அச்சிட்டிருப்பதைக் கவனித்தேன். கோட்டுக்குப் பின்னால் வருவது ரிம்மின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண். இரண்டுக்கும் இடையே 44 மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டையும் 16 அங்குலம் என்றே அழைக்கிறார்கள்! பிராம்ப்டனும் அதை உண்மையாகப் பின்பற்றும் நகல்களும் 349. வேறு சில நகல்கள் அதே புகைப்படத்தைப் போட்டுவிட்டு 305 அனுப்புகின்றன. மறுநாள் மீண்டும் போனேன். மூன்று கடைகளில் கைவிரித்தார்கள். நான்காவது கடையில் ஒரு பெரியவர் ஏணி வைத்துப் பரணில் ஏறி, தூசி தட்டி, ஒரே ஒரு 349 டயரைக் கீழே போட்டார். 650 என்றவரிடம் பேசி 610க்கு முடித்தேன். அந்த 40 ரூபாயால் எனக்கு உண்டான மகிழ்ச்சி இரண்டு நாள் நீடித்தது.

சொல்ல மறந்துவிட்டேன், எடையைப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும்: பேட்டரி அந்த எடைக்குக் காரணமே அல்ல, ஏனென்றால் மேலே எழுதியிருக்கும் அளவுக்குப் பெரிய பேட்டரியே உள்ளே இல்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி மின்சாரம் சேமிக்கும் என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரியை முழுவதும் தீர்த்துவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய அளவுமானியில் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். நிரம்பும் வரை சுவரிலிருந்து இழுத்தது 290 வாட்-மணி மட்டுமே. சார்ஜரில் வெப்பமாக வீணாவதைக் கழித்தால் உள்ளே போனது 250க்குச் சற்று முன்பின் இருக்கும். 40 கிலோமீட்டர் ஓடும் என்ற வண்டி எனக்கு 23 கிலோமீட்டரில் நின்றதற்கு அதுதான் முக்கியக் காரணம். இந்தக் குறையைக்கூட நான் மன்னிப்பேன். செல்களை யார் தயாரித்தார்கள் என்றோ, இந்தியத் தர நிர்ணயக் குறியீட்டு எண்ணோ பெட்டியில் எங்கும் இல்லை என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை அடுப்பாகவே மாறும். அந்த அறையில், நான் தூங்கும் கட்டிலுக்கடியில், ஊர்பேர் தெரியாத பேட்டரியை இரவெல்லாம் சார்ஜ் போட எனக்குத் துணிவில்லை.

மோட்டார் விஷயத்தில் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் நம் நாட்டில் பதிவெண்ணும் உரிமமும் தேவையில்லை. விளம்பரத்திலும் 250 என்றுதான் இருக்கிறது. முன்சக்கர மோட்டாரைக் கவிழ்த்துப் பார்த்தால் உலோகத்தில் 350 என்று பொறித்திருக்கிறது. திரையில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேக வரம்பும் நீங்கிவிடுகிறது. இதைப் பெரிய சலுகைபோல் விற்பவரே காகிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அதோடு, முன் அச்சு திரும்பிவிடாமல் பிடிக்க வேண்டிய டார்க் வாஷர் ஒரு பக்கம்தான் இருந்தது. முறுக்கு விசையில் அச்சு திரும்பினால் ஒயர் அறுபடும், ஃபோர்க்கின் காதும் கிழியும். 60 ரூபாய் வாஷர் ஒன்றை வாங்கி நானே மாட்டிவிட்டேன்.

மடிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கீல் இறுக்கமாக இருக்கிறது, நடுச்சட்டத்தில் ஆட்டமில்லை, பழகிய பிறகு 20 விநாடியில் மடித்துவிடுகிறேன். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது. கடினமான வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள், எடையையும் பேட்டரியையும் பற்றி ஏன் பொய் சொல்ல வேண்டும்?

எனக்கு இது வேண்டாம். மோட்டார் இல்லாத நகல் 12 கிலோவுக்குள், 349 ரிம்மோடு வந்தால் வாங்குவேன். கிண்டிக்குப் போகும் ஐந்து கிலோமீட்டருக்கு என் கால்களே போதும். சித்தி மகன் பல்லாவரத்தில் தரைத்தள வீட்டில் இருக்கிறான், வண்டியை அவன் எங்கும் தூக்க வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து மாற்றிவிடு என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறேன். 610 ரூபாயை அவனிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த டயரை எங்கிருந்து பிடித்தேன் என்பதை முழுவதும் கேட்காமல் அவன் தப்ப முடியாது.