மீன் பெட்டியில பார்லி முளை கட்டியாச்சு | உப்புக்காத்து ஊர்ல மால்ட் போடுறது எப்படி

வணக்கம் மக்களே. இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துர்றேன், ஏன்னா எனக்குக் கோவம். இந்தப் பாக்கெட்டைப் பாருங்க. பேரைக் கையால மறைச்சிருக்கேன். வெள்ளை வெளேர்னு முத்து மாதிரி பார்லி. பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? "முளைகட்டிச் சாப்பிட ஏற்றது." எப்படி முளைக்கும்? இது தீட்டின பார்லி. தொலியை உரிச்சு, அதுக்கு உள்ள இருக்கிற தவிட்டையும் உரசி எடுத்தாச்சு, முளைக்கரு பாதி நொறுங்கிப் போச்சு. பச்சரிசியை ஊறப்போட்டு நாத்து வருமா? அதேதான் இது. மூணு நாள் வச்சா கொழகொழன்னு ஆகி நாறும், அவ்வளவுதான்.

நமக்கு வேணும்ங்கறது தொலியோட இருக்கிற பார்லி, நெல்லு மாதிரி. தமிழ்ல இதுக்கு வாற்கோதுமைன்னு பேரு. கதிர்ல நீளமா வாலு மாதிரி கூரு இருக்கும், அதான் வால் கோதுமை. இந்தா, தொலியோட உள்ளது இதுதான், மஞ்சளா, ரெண்டு பக்கமும் கூம்பி. நம்ம பக்கம் விளையறதில்ல. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில விதைச்சு பங்குனி சித்திரையில அறுப்பாங்க.

விலையைச் சொல்லணும். கிலோ 60 ரூபா. கூரியர் 110 ரூபா! பார்லியை விட வண்டிக்கூலி கூட. ஒரு கிலோவா வாங்குனா 170 ஆகுது, தீட்டின பாக்கெட்டை விட ஒசத்தி. அஞ்சு கிலோவா வாங்குனேன், கூலி 190 ஆச்சு, மொத்தம் 490, அப்ப கிலோ 98. பத்துக் கிலோவா நாலு பேர் சேந்து வாங்குங்க, இன்னும் இறங்கும். வாங்கும்போது சாப்பாட்டுக்கான தானியமான்னு கேட்டு வாங்குங்க. விதைக்குன்னு விக்கிறதுல பூஞ்சை மருந்து தடவியிருப்பாங்க, ரோஸ் கலர், பச்சைக் கலர்ல இருக்கும். அதை வாயில வைக்கவே கூடாது. கழுவுனாலும் போகாது.

இன்னொன்னு, பீர் போடச் சொல்லிக் கேக்குறீங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ல வந்தது, இன்னைக்கும் இருக்கு. லைசென்ஸ் இல்லாம வீட்டுல நொதிக்க வச்சா குத்தம். அதனால நான் மால்ட் போடுறேன், இனிப்புத் தண்ணி எடுக்குறேன், பாகு காய்ச்சுறேன். இனிப்புத் தண்ணி எடுக்குற வரைக்கும் பீர் கம்பெனிக்காரங்க செய்யிறதும் இதே வேலைதான். அதுக்கு மேல ஈஸ்ட் போடுற வேலை இந்த சேனல்ல கிடையாது.

சரி, மால்ட்னா என்ன? தானியத்தை முளைக்க விட்டு, பாதியில நிறுத்திக் காய வைக்கிறது. முளைக்கும்போது கரு ஒரு சைகை அனுப்பும், உள்ள இருக்கிற மாவைச் சர்க்கரையாக்குற நொதியெல்லாம் உருவாகும். கல்லு மாதிரி இருந்த மணி உள்ளுக்குள்ள சுண்ணாம்புக்கட்டி மாதிரி பொடிஞ்சு வரும். நமக்கு வேணும்ங்கறது அந்த நொதியும் அந்தப் பொடிவும். செடி வேண்டாம்.

குளிர் தேசத்துல எழுதின செய்முறையெல்லாம் 15 டிகிரியில முளைக்க வைன்னு சொல்லும். நம்ம தொண்டியிலயும் கீழக்கரையிலயும் பாம்பன்லயும் 15 டிகிரிக்கு எங்க போறது? தை மாச ராத்திரியில கூட 22, 23-க்குக் கீழ இறங்காது. 30-ல விட்டீங்கன்னா வேர் கடகடன்னு ஓடும், மணிக்குள்ள ஒன்னும் பக்குவப்படாது, மாவுச்சத்து எரிஞ்சு போகும், ரெண்டாம் நாள் பூஞ்சை பூத்துரும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. தெர்மாகோல் மீன் பெட்டி. புதுப்பெட்டியா வாங்குங்க. ஒரு தடவை நண்டு வச்ச பெட்டியா இருந்தாக்கூட அந்தக் கவிச்சி மால்ட்ல ஏறும், என்ன கழுவுனாலும் சரிதான்.

பெட்டியில ஓட்டை எங்க போடுறதுங்கறதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், எல்லாரும் இதுலதான் கோட்டை விடுறாங்க. மேல மூடியில போடுறாங்க. தப்பு. முளைக்கிற தானியம் மூச்சு விடும், கரியமில வாயு வெளிய வரும். அது காத்தை விட கனம், அடியில போய்த் தேங்கும். அடியில காத்தில்லாம மூச்சு முட்டுனா அங்க இருக்கிற மணி புளிச்சு அழுகும். அதனால மீன்காரங்க ஐஸ் தண்ணி வடிய அடியோரமா போடுவாங்கள்ல, அந்த இடத்துல நாலு மூலைக்கும் ஒன்னு, சுண்டுவிரல் தடிமன். பெட்டியை ரெண்டு செங்கல்லு மேல தூக்கி வைங்க. தண்ணியும் வடியும், கெட்ட காத்தும் இறங்கும். மூடியில ஓட்டை வேண்டவே வேண்டாம், அது வழியா சூட்டுக் காத்துதான் உள்ள வரும். நாலு ஓட்டை. அடியில. இது ஒன்னு சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சது.

இப்ப ஊறல். ஒரு கிலோ கணக்கு சொல்றேன். நல்லா மூணு தடவை கழுவுங்க, மேல மிதக்குற சாவியை வழிச்சு எடுத்துருங்க. அப்புறம் ஆறு மணி நேரம் தண்ணியில. வடிச்சு, ஈரத்துணியில பத்து மணி நேரம் காத்தாட. மறுபடி ஆறு மணி நேரம் தண்ணி, பத்து மணி நேரம் காத்து. கடைசியா ஒரு ரெண்டு மணி நேரம். ஒரேயடியா தண்ணியில போட்டு வச்சா உள்ள இருக்கிற கரு மூச்சு முட்டிச் செத்துரும், நடுநடுவுல காத்து கண்டிப்பா வேணும்.

முக்கியமானதை விட்டுட்டேன் பாருங்க, தண்ணி! போர்த் தண்ணியில ஊறப்போடாதீங்க. நம்ம கரையில பாதி இடத்துல உப்பு, உப்புத் தண்ணி முளைப்பை அடக்கிரும். காவேரித் தண்ணி வரும்போது ரெண்டு குடம் பிடிச்சு வச்சுக்கங்க. தங்கச்சிமடம் பக்கம் நல்ல தண்ணிக் கிணறு இருக்கிறவங்களுக்குக் கவலையில்ல. மத்தியானம் மேல்தொட்டித் தண்ணியும் ஆகாது, கையே சுடும். ராத்திரியே மண்பானையில ஊத்தி வச்சது, இல்ல ஐஸ் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டு வந்தது.

ஊறுனது போதுமான்னு எப்படித் தெரியும்? மணிக்கணக்கை நம்பாதீங்க, தராசை நம்புங்க. காஞ்ச பார்லியில ஈரம் 12 சதம் இருக்கும். நமக்கு 45 சதம் வேணும். ஒரு கிலோ 1 கிலோ 600 ஆகணும். 1 கிலோ 550-ல நிக்கிதா, இன்னொரு மணி நேரம் போடுங்க. 1 கிலோ 650 தாண்டிருச்சா, அதிகமாயிருச்சு, துணியில விரிச்சு ஆத்துங்க. மணியோட ஒரு முனையில வெள்ளையா புள்ளி எட்டிப் பாக்கும் பாருங்க, அது வேர் முனை. அது வந்ததும் பெட்டிக்கு மாத்துங்க.

இதுக்கும் முன்னாடி ஒரு சோதனை இருக்கு, அதை முதல்லயே சொல்லியிருக்கணும். நூறு மணி எண்ணி ஈரத்துணியில மூணு நாள் வைங்க. 95-க்கு மேல முளைச்சா நல்ல சரக்கு. 90-க்குக் கீழன்னா அந்த மூட்டையை மால்ட்டுக்குத் தொடாதீங்க, முளைக்காத மணிதான் முதல்ல பூஞ்சை பிடிக்கும். அறுத்த புதுசுல பார்லிக்கு உறக்கம் இருக்கும், ரெண்டு மாசம் போல முளைக்க மறுக்கும். அது சரக்கோட குத்தம் இல்ல, கொஞ்சம் பொறுங்க.

பெட்டிக்குள்ள கம்பித் தட்டு, அது மேல வெள்ளை வேட்டித்துணி, அது மேல பார்லி. ரெண்டு இஞ்சுக்கு மேல கனம் வேண்டாம். ஒரு ஓரமா ஒரு லிட்டர் பாட்டில்ல உறைய வச்ச ஐஸ் ரெண்டு, துணி சுத்தி. ஐஸ் பாட்டில் தானியத்தைத் தொடக் கூடாது, தொட்ட இடம் முளைக்காம நிக்கும். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு மாத்துங்க, 18-லருந்து 20-க்குள்ள நிக்கும். தெர்மாமீட்டர் முனையைக் குவியலுக்கு நடுவுல குத்திப் பாக்கணும், பெட்டிக் காத்தைப் பாக்கக் கூடாது. நடுவுல எப்பவும் ரெண்டு மூணு டிகிரி கூடவே இருக்கும், ஏன்னா முளைக்கும்போது அதுவே சூடு கிளப்பும்.

காலை, மத்தியானம், ராத்திரி மூணு வேளையும் கையால அடிமேலா புரட்டி விடுங்க. ஒரு வேளை விட்டாலும் வேரெல்லாம் பின்னிப் பாய் மாதிரி ஆயிரும், அப்புறம் பிச்சா வேர் அறுந்து அந்த இடம் கெடும். மேல வறண்டா தண்ணி தெளிங்க, ஊத்தாதீங்க. மோந்து பாருங்க. வெள்ளரிப்பிஞ்சு வாசம் வரணும். எனக்கு இந்த வாசம் அவ்வளவு பிடிக்கும்! புளிச்ச வாடைன்னா காத்து பத்தல. சாம்பலாவோ கறுப்பாவோ ரோஸ் கலர்லயோ பூத்திருந்தா பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. மொத்தமா கொட்டுங்க. ஆட்டுக்கும் போடாதீங்க. பூஞ்சை விஷம் காய வச்சாலும் வேக வச்சாலும் போகாது.

எப்ப நிறுத்துறது? வேர் நீளத்தைப் பாத்து ஏமாறாதீங்க. மணிக்கு முதுகுப் பக்கம், அதாவது பிளவு இல்லாத பக்கம், தொலிக்கு அடியில முளைக்குருத்து ஒன்னு மேல ஏறிட்டிருக்கும். நகத்தால தொலியைக் கீறிப் பாருங்க. அது மணி நீளத்துல முக்கால்வாசி வந்தா நிறுத்தலாம். முனையைத் தாண்டி வெளிய வந்தா முத்திருச்சு, சர்க்கரை செடிக்குப் போகுது. பத்து மணி எடுத்துப் பாருங்க, எட்டு முக்காலுக்கு வந்திருந்தா போதும். விரல்ல நசுக்குனா உள்ள மாவு வழவழன்னு தடவுற மாதிரி வரணும், நடுவுல கெட்டியா நரநரன்னா இன்னும் ஒரு நாள். ஐஸ் பெட்டியில நாலு நாள், அஞ்சு நாள் ஆகும்.

காய வைக்கிறதுக்கு நமக்குச் சொல்லித் தரணுமா, கருவாடு காய வைக்கிற ஊரு. கயித்துக் கட்டில்ல வேட்டி விரிச்சு, மெலிசா பரப்பி, மேல கொசுவலை. தரையில வேண்டாம், மணல் ஏறும். கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில ஒன்றரை நாள்ல காஞ்சிரும், ஆனா அப்ப முளைகட்டுறதுக்கு ஐஸ் ரெண்டு மடங்கு ஆகும். ஐப்பசி கார்த்திகை மழையில தொடவே வேண்டாம். தை மாசம்தான் எனக்குப் பிடிச்ச மாசம். மழையும் நின்னுரும், ராத்திரியும் குளிரும், பகல்ல வெயிலும் சுள்ளுன்னு இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் உள்ள எடுத்துருங்க, கடல் ஈரம் இறங்குனா பகல்ல காஞ்சதெல்லாம் திரும்ப இழுத்துக்கும். உள்ள எடுத்தாலும் குவிக்காதீங்க. பரப்பி ஃபேன் போடுங்க.

கிட்டத்தட்ட 930 கிராமுக்கு வந்ததும் ஓவன். 55 டிகிரியில ஒரு மணி நேரம், அப்புறம் 80-ல மூணு மணி நேரம், கதவை ஒரு மரக்கரண்டி வச்சுத் திறந்து விட்டு. ஈரமா இருக்கும்போதே 80-ல வச்சா நொதி செத்துரும். காஞ்சதுக்கு அப்புறம் அதே 80-ஐத் தாங்கும். முதல்ல வெயில், அப்புறம்தான் ஓவன், இந்த வரிசையை மாத்தக் கூடாது. ஓவன் இல்லாதவங்க இரும்புச் சட்டியில வறுத்தா வாசம் தூக்கும், ஆனா இனிப்பு எடுக்க முடியாது. அதைக் கஞ்சி மாவுக்கு வச்சுக்கங்க. 880-க்கு வந்து, கடிச்சா கறுக்குனு உடையணும். சூடு ஆறுறதுக்குள்ள சாக்குப்பையில போட்டுத் தேய்ச்சு, முறத்துல புடைச்சு வேரை எடுத்துருங்க. வேர் கசக்கும், காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும். கடைசியா கையில 840, 850 கிராம் நிக்கும். எனக்கு இந்தத் தடவை 846! எவர்சில்வர் டப்பாவுல இறுக்கி மூடி ரெண்டு மூணு வாரம் இருக்கட்டும்.

இனிப்புத் தண்ணி எடுக்க, மால்ட்டை ரவையா உடைங்க. மிக்ஸின்னா விட்டு விட்டு ஓட்டுங்க. திருகை இருந்தா இன்னும் நல்லது, தொலி முழுசா இருக்கும், அதுவே பின்னாடி வடிகட்டி. ஒரு கிலோவுக்கு மூணு லிட்டர் தண்ணி, 72 டிகிரியில ஊத்திக் கிளறுனா 66-க்கு வந்து நிக்கும். ஹாட்பாக்ஸ்ல ஒரு மணி நேரம். 75 தாண்டுனா சர்க்கரையாக்குற வேலை நின்னுரும். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல விட்டு அயோடின் ஒரு சொட்டு. கருநீலமானா மாவு இன்னும் மிச்சம் இருக்கு, இன்னும் அரை மணி நேரம். கலர் மாறலைன்னா முடிஞ்சது, சோதிச்ச சொட்டைக் கீழ ஊத்திருங்க.

வடிச்சு, 75 டிகிரி தண்ணி ரெண்டு லிட்டர் ஊத்தி அலசி, உடனே அடுப்புல ஏத்துங்க. பதநீர் கதைதான் இதுவும். கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா பதநீர் கள்ளாயிரும், இதையும் கொதிக்க வைக்காம வச்சா மறுநாளே புளிச்சு நுரைக்கும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுற மாதிரியேதான், அகலமான சட்டி, அடிப்பிடிக்காம கிளறிட்டே, கரண்டியில ஒட்டுற பாகு வரைக்கும். கருப்பட்டி அளவுக்குத் தித்திக்காது, பிஸ்கட் வாசத்தோட ஒரு மெல்லினிப்பு. பால்ல ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்க.

ஐஸுக்கு வழியே இல்லைன்னா கேப்பை போடுங்க. நம்ம சூட்டுக்குப் பொருந்துற தானியம், 30 டிகிரியிலயும் ரெண்டு நாள்ல அழகா முளைக்கும். சோளத்தை மட்டும் இப்படிப் போடாதீங்க, முளையில சயனைடு வர்ற பொருள் இருக்கு. அதுக்குத் தனி முறை, தனி வீடியோ.

பிழிஞ்ச சக்கையை அன்னைக்கே ஆட்டுக்குப் போட்டுருங்க, ராத்திரி தாண்டுனா புளிச்சிரும். சரி மக்களே, ஐஸ் பாட்டில் மாத்துற நேரமாச்சு, நான் போறேன்.