இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு நாம் பேசுவது

அனைவருக்கும் வணக்கம்.

சூப்பர்ஹீரோ படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கருத்துகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று பேசச் சொன்னீர்கள். இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசும் பேச்சில் படம் மட்டும் இருப்பதில்லை. எதை நம்பிப் போனார்கள், எதைத் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் சேர்ந்தே வரும்.

'முதல் பாகம் மாதிரி வரலை' என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்பவர், 'முதல் பாகத்தையே திரும்ப எடுத்து வெச்சிருக்காங்க' என்பார். இருவரும் பார்த்தது ஒரே படம். இருவரும் சொல்வது மனசிலிருந்துதான். முதல் பாகத்துக்குப் போகும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது. கிடைத்ததெல்லாம் லாபம். இரண்டாம் பாகத்துக்குப் போகும்போது நாயகன் ஏற்கெனவே நம் ஆள். அவன் எப்படிப் பேசுவான், எதற்குக் கோபப்படுவான், எதைச் செய்யவே மாட்டான் என்று நமக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நம்புகிறோம். அதனால் இரண்டாம் பாகத்தைப் பற்றிய கருத்தில் பாதிக்கு மேல் முதல் பாகம் நமக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். படம் பார்க்கும்போது தனக்கு என்ன நடந்தது என்பதில் ரசிகர் சொல்வதற்கு மேல் சாட்சி கிடையாது. எந்த இடத்தில் மனம் விலகியது, எங்கே கண் கலங்கியது என்பதை எந்த விமர்சகரும் வந்து திருத்த முடியாது. ஆனால் அடுத்த படத்தில் என்ன வைக்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. எங்கே வலிக்கிறது என்பது நோயாளிக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டை அவரே எழுதிக்கொண்டால் சிக்கல்தான். இதற்கு ஸ்பைடர்மேன் படங்களை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாம் ரெய்மி இயக்கிய ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகம் 2004-இல் வந்தது. அதற்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் விருதைச் சொல்ல மாட்டார்கள், ரயில் காட்சியைச் சொல்வார்கள். பிரேக் பிடிக்காத ரயில், தண்டவாளம் முடியும் இடத்தை நோக்கி ஓடுகிறது. நாயகன் முன்னால் நின்று இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை வீசிப் பிடித்து இழுக்கிறான். உடை கிழிகிறது. முகமூடியும் இல்லை. ரயில் விளிம்பில் வந்து நிற்கிறது, அவன் மயங்கிச் சரிகிறான். அப்போது உள்ளேயிருந்து கைகள் நீண்டு அவனைப் பிடிக்கின்றன. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் ஏந்தி, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். அவன் முகத்தைப் பார்த்த ஒருவர், இவன் வெறும் சின்னப் பையன், என் மகனை விடப் பெரியவன் இல்லை என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

இந்தக் காட்சியை எந்த ரசிகரும் கேட்டு வாங்கவில்லை. முதல் பாகம் முடிந்ததும் 'அடுத்ததில் அவன் சக்தியை இழக்கணும், உடையைக் குப்பைத் தொட்டியில் போடணும், கடைசியில் ஊர் ஜனங்கள் அவனைத் தூக்கணும்' என்று யாராவது சொல்லியிருப்பார்களா? நாம் கேட்டிருந்தால் பெரிய வில்லனையும் பெரிய சண்டையையும்தான் கேட்டிருப்போம். படம் அவற்றையும் கொடுத்தது. ஆனால் நாம் இன்றைக்கும் சுமந்துகொண்டிருப்பது, கேட்காமலே கிடைத்ததைத்தான்.

அப்புறம் 2007-இல் மூன்றாம் பாகம் வந்தது. ரெய்மி மனசில் வைத்திருந்தது மணல் மனிதனின் கதை, நண்பன் ஹாரியின் பகை, மன்னிப்பு. ஆனால் ரசிகர்களுக்கு வெனம் வேண்டும், அந்தக் கறுப்பு வில்லன் வராமல் இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் ஆவி அராட் வலியுறுத்தினார். வெனம் வந்தான். படம் உலகம் முழுவதும் சுமார் 89 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் வெனத்தைக் கேட்ட அதே ரசிகர்கள்தான், இது எங்கள் வெனம் இல்லை, கடைசியில் அவசரமாகச் சொருகியிருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்கள். அந்தப் படத்தில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் தான் நம்பவில்லை, நேசிப்பவர்களிடம் அதை மறைக்க முடியவில்லை என்று ரெய்மியே பின்னால் சொன்னார். என்னைப் பொறுத்தவரை ரசிகர்களின் இரண்டாவது பேச்சு சரி, முதல் பேச்சு தவறு. இரண்டாவது, பார்த்துவிட்டுச் சொன்னது.

கருத்து பயமாக மாறும்போது இன்னும் மோசம். டிம் பர்ட்டனின் இரண்டாவது பேட்மேன் படம் 1992-இல் வந்தபோது, இருட்டாக இருக்கிறது, குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். புகார் நியாயமானதுதான். அதை ஸ்டுடியோ எப்படிப் புரிந்துகொண்டது? இயக்குநரை மாற்றியது, வண்ணத்தைக் கூட்டியது, 1995-இல் கலகலப்பான ஒரு படம், 1997-இல் அதை விடப் பளபளப்பான இன்னொன்று. அந்த 1997 படத்தோடு தொடரே நின்றுபோனது. 2005-இல்தான் புதிதாகத் தொடங்க முடிந்தது. என் குழந்தைக்கு இது ஒத்துவரவில்லை என்ற ஒரு தாயின் கருத்துக்கு, வயதுக்கேற்ற படம் என்று தெளிவாகச் சொல்வதே போதுமான பதிலாக இருந்திருக்கும்.

பார்க்காமலே சொல்லும் கருத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2006-இல் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜர் என்று அறிவித்ததும், இவரா என்று முகம் சுளித்த ரசிகர்கள் நிறையப் பேர். அவர் 2008 ஜனவரியில் இறந்தார், அதே ஆண்டு அந்த 'த டார்க் நைட்' படம் வந்தது, 2009-இல் மறைவுக்குப் பின் ஆஸ்கர். எதிர்த்தவர்களில் பலர் படம் பார்த்தபின் அவருடைய பெரிய ரசிகர்களானார்கள். அது அவர்களுக்குப் பெருமைதான்.

சரி, எண்களுக்கு வருவோம். ஏனென்றால் இப்போது கருத்து என்றாலே எண்ணாகத்தான் வருகிறது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் என்ற இணையதளம் காட்டும் சதவீதத்தைப் பலர் மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். அது மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு மட்டும்தான். எல்லாரும் 'பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்' என்று சொன்னால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் உயிரைக் கொடுத்து நேசித்து, மீதிப் பாதி வெறுத்தால் 50 சதவீதம். இரண்டாவது படம்தான் நான் பார்க்க விரும்பும் படம். எண் அதைச் சொல்லாது.

சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் செய்வது வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் நாள் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்கிறது. முதல் நாள் வருகிறவர்கள் யார்? ஆசையோடு காத்திருந்தவர்கள். அவர்கள் பொதுவாகத் தாராளமாகத்தான் கொடுப்பார்கள். அயர்ன்மேன் மூன்றாம் பாகத்தில் மாண்டரின் என்ற பெரும் வில்லன் உண்மையில் கூலிக்கு நடித்த ஒரு நடிகன்தான் என்று தெரியவந்ததும் காமிக்ஸ் படித்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் முதல் நாள் கூட்டம் ஏ கொடுத்தது. சத்தமாகக் கேட்கும் கருத்தும் பரவலாக இருக்கும் கருத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படிப்பட்ட தாராளமான கூட்டம், 2024-இல், ஜோக்கரையே நாயகனாக வைத்து எடுத்த தனிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டி கொடுத்தது. முதல் பாகம் 2019-இல் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, வாக்கீன் ஃபீனிக்ஸுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கரை வாங்கித் தந்த படம். இரண்டாம் பாகம் 20 கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது. அவன் சூப்பர்ஹீரோ இல்லையே என்று கேட்கலாம். அந்த உலகத்திலிருந்து வந்தவன், அந்த ரசிகர்களுக்காக வந்தவன் என்பதால் அவனையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தப் படத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ரசிகர்கள் சொன்ன காரணங்கள்: பாட்டு அதிகம், பாதிப் படம் நீதிமன்றத்திலேயே நடக்கிறது, முதல் பாகத்தில் பார்த்ததையே சாட்சிகள் வந்து மறுபடி சொல்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கோபத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் படத்தில் படிக்கட்டில் ஆடிய அந்த மனிதனை லட்சக்கணக்கானவர்கள் கொண்டாடினார்கள். இரண்டாம் படத்தில் அவன் நீதிமன்றத்தில் நின்று, ஜோக்கர் என்று ஒருவன் இல்லை, நான் மட்டும்தான் என்கிறான். உடனே அவனை நேசித்த லீ எழுந்து வெளியே போய்விடுகிறாள். அவள் நேசித்தது அந்த மனிதனை இல்லை, வேடத்தை. தியேட்டரில் இருந்தவர்களும் அவளைப் போலவே எழுந்து போனார்கள். படம் தன் ரசிகனையே கதைக்குள் வைத்து அவன் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்டது.

அந்தக் கேள்வி அவசியமானது என்று நான் நினைக்கிறேன். கேட்ட விதம்தான் சரியில்லை. நாயகனைச் சிறையில் அடித்து, அவமானப்படுத்தி, கடைசியில் கொல்கிறது. அவனோடு ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து அவன் துக்கத்தைக் கேட்கவில்லை. ரசிகரைக் கேள்வி கேட்கும் படத்துக்கு ரசிகர் மேல் அன்பு இருக்க வேண்டும். ஸ்பைடர்மேன் ரயிலுக்குள் இருந்த கூட்டத்தின் மேல் ரெய்மிக்கு இருந்தது அந்த அன்பு. ஆகவே அந்த டி அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்களுக்குப் பிடித்த ஜோக்கரை ஏன் தரவில்லை' என்பது அந்த டி-க்குக் காரணம் என்றால், அந்தக் காரணத்தை நான் ஏற்க மாட்டேன். தருவதாக முதல் படம் வாக்குக் கொடுக்கவே இல்லை. நாமாக எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. ஆப்பிரிக்க நாடொன்றின் அரசனே சூப்பர்ஹீரோவாக வரும் பிளாக் பாந்தர் படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்டில் குடல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேடத்துக்கு வேறு நடிகரைப் போடுவதில்லை என்று முடிவானது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவரைத் தவிர யாரையும் அந்த இடத்தில் பார்க்க மாட்டோம் என்றார்கள் ஒரு பக்கம். நடிகர் போனாலும் அரசன் போகக் கூடாது, அவனைப் பார்த்து வளரும் கறுப்பினக் குழந்தைகளுக்கு அவன் வேண்டும் என்று இன்னொரு பக்கம் கையெழுத்துக்கூட வாங்கினார்கள். இங்கே மட்டும் ரசிகர் மருந்து எழுதுகிறார் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. இரண்டு பக்கமும் துக்கத்திலிருந்துதான் பேசின.

2022-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தத் துக்கத்திலேயே தொடங்குகிறது. அரசனின் தங்கை ஷூரி ஆய்வுக்கூடத்தில் அண்ணனைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிடுகிறது. வெள்ளை உடையில் இறுதி ஊர்வலம். அதன்பிறகு மார்வெல் நிறுவனத்தின் சின்னம், பாட்டு இல்லாமல், போஸ்மேனின் படங்களோடு. பிற்பாதியில் வரும் கடல் போரை விட இந்த முதல் நிமிடங்கள்தான் படத்தின் உயிர் என்பது என் எண்ணம். அம்மாவாக நடித்த ஏஞ்சலா பாசெட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. முடிவில், பெயர்ப் பட்டியலுக்கு நடுவே, அந்த அரசனுக்கு ஒரு மகன் இருப்பதும் அவனுக்கும் அதே பெயர் என்பதும் தெரியவருகிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இயக்குநர் ரையான் கூக்ளர் கொடுத்த பதில் அது என்றே நான் எடுத்துக்கொண்டேன். அதில் சமாதானம் ஆனவர்களும் இருக்கிறார்கள், ஆகாதவர்களும் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் அப்படி இரண்டு தரப்பும் இருப்பீர்கள். ஆகாதவர்கள் முதலில் பேசுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன். வணக்கம்.