பத்துக்குப் பத்து அறையில மூணு பீரோ ஒளிஞ்சிருக்கு

[காட்சி: சின்ன படுக்கையறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு பக்கச் சுவர்ல சிமெண்ட் பரண். நாற்காலி மேல துணிக் குவியல், கதவுக்குப் பின்னாடி பைகள்.]

வணக்கம். சிங்கிள் பெட்ரூம் வாடகை வீட்டுல நாலு பேர் இருக்கற குடும்பத்தைக் கேட்டா, முதல்ல வர்ற பேச்சு "வைக்க இடம் இல்ல". உடனே அடுத்தது, "இன்னொரு பீரோ வாங்கணும்". கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துட்டு வாங்க. ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

நம்ம வீடுகள்ல இருக்கற பெரிய ஸ்டீல் பீரோ சுமாரா ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 19 அங்குல ஆழம். பெருக்கினா கிட்டத்தட்ட 31 கன அடி. இதையே நம்ம அளவுகோலா வச்சுக்கலாம்.

[காட்சி: அறையோட வரைபடம். பரண் மட்டும் மஞ்சள் நிறத்துல.]

இப்ப அறையைப் பாருங்க. பத்துக்குப் பத்து, உயரமும் 10 அடி. பரண் பொதுவா 7 அடி உயரத்துல, ஜன்னலுக்கு மேல ஓடற லிண்டல் விட்டத்தோட மட்டத்துல இருக்கும். 2 அடி அகலம். பலகையோட தடிமனும், சாமானை ஏத்தி இறக்க விடற கொஞ்சம் இடைவெளியும் போக, அதுக்கும் கூரைக்கும் நடுவுல ரெண்டரை அடி கிடைக்கும். சுவர் முழுக்க 10 அடி நீளத்துக்கு ஓடுதுன்னா, 10 பெருக்கல் 2 பெருக்கல் ரெண்டரை, 50 கன அடி. தரையில ஒரு அங்குலம்கூட எடுக்காம, ஒன்றரை பீரோவுக்கு மேல.

அடுத்து கட்டிலுக்கு அடியில. ஆறேகால் அடிக்கு 5 அடி கட்டில், அடியில ஒரு அடி இடைவெளி இருந்தா 31 கன அடி. ஒரு முழு பீரோ. உங்க கட்டில் தாழ்வா இருந்தா, தச்சர்கிட்ட சொல்லி நாலு காலுக்கும் குழி வச்ச மரக்கட்டை பண்ணி வாங்கலாம். குழி முக்கியம், இல்லன்னா கால் வழுக்கும்.

மூணாவது, பீரோவோட தலைக்கு மேல. ஆறரை அடியிலேர்ந்து 10 அடி வரைக்கும் மூன்றரை அடி உயரம் சும்மா நிக்குது. 16 கன அடிக்கு மேல வரும், அரை பீரோ. ஆனா பல வீட்டுல பீரோவைக் கொண்டுபோய் பரணுக்குக் கீழயே நிறுத்தியிருப்பாங்க. அப்ப தலைக்கு மேல அரை அடிதான் மிச்சம், அந்த அரை பீரோ காணாமப் போயிடும். பரண் இல்லாத சுவருக்கு பீரோவை மாத்துங்க. பரணுக்குக் கீழ மேஜை, தையல் மெஷின் மாதிரி உயரம் குறைஞ்ச சாமானை வைங்க. காசு செலவே இல்லாத வேலை இது.

மூணையும் கூட்டுங்க: 97 கன அடி. அதாவது மூணு பீரோ. எல்லாமே இப்ப நீங்க வாடகை கொடுக்கற இடத்துக்குள்ளயே இருக்கு.

[காட்சி: ஒருத்தர் ஸ்டூல் மேல ஏறி பரணை எட்டிப் பார்க்கறாங்க.]

ஆனா இந்த மூணுமே சட்டுன்னு கைக்கு எட்டாத இடம். ஏறணும், இல்ல குனியணும். அதனால இடத்தைக் கண்டுபிடிக்கறதோட வேலை முடியறதில்ல. அங்க எதை அனுப்பறதுங்கறதுதான் பெரிய விஷயம். பெரும்பாலான வீட்டுல இது தலைகீழா இருக்கு. பீரோவுல கை எட்டற நடுத்தட்டுல கல்யாணப் பட்டுப்புடவை, வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கற சட்டைத்துணி. தினமும் போடற துணி நாற்காலி மேலயும் கொடியிலயும். முழங்கால்லேர்ந்து தோள் வரைக்கும் இருக்கற உயரம்தான் ஒரு வீட்டுலயே விலைமதிப்பான இடம். தினமும் கை போற சாமானுக்கு மட்டும்தான் அங்க உரிமை. வாரம் ஒரு தடவை எடுக்கறது அதுக்கு மேலயோ கீழயோ. தீபாவளிக்கு மட்டும் இறங்கற முறுக்கு நாழி, பெரிய இருப்புச்சட்டி, வருஷம் ஒரு தடவை விரிக்கற ஜமுக்காளம், இதெல்லாம் பரணுக்கு.

இந்த முறையை ரொம்ப அழகாப் பண்றவங்க கொலு வைக்கற வீட்டுக்காரங்க. நூறு பொம்மை வச்சிருக்கற வீட்டுலயும், நவராத்திரி முடிஞ்ச மறுநாள் ஒண்ணும் கண்ணுல படாது. ஒவ்வொரு பொம்மையையும் பழைய பருத்தி வேட்டித் துணியிலயோ செய்தித்தாள்லயோ சுத்தி, தகர டிரங்குப் பெட்டிக்குள்ள, கனமானது அடியில, காகிதக்கூழ் பொம்மை மேல. பெட்டி பரணுக்குப் போயிடும். அடுத்த புரட்டாசியில பெட்டி கீழ வரும், பொம்மை வெளிய வரும், காலியான அதே டிரங்குப் பெட்டியைக் கவுத்து வச்சு, பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரிச்சா அதுவே படி! தனியா படிக்கு இடம் தேட வேண்டியதில்ல. அடைச்சு வைக்கற பெட்டியே விரிச்சு வைக்கவும் உதவுது. எனக்கு இதைப் பார்க்கற ஒவ்வொரு தடவையும் மரியாதை கூடுது. எந்தப் பொருள் வாங்கினாலும், அது உபயோகத்துல இல்லாதப்ப எங்க இருக்கும்னு யோசிச்ச வீடு அது.

அவங்ககிட்டேர்ந்து நாம எடுத்துக்க வேண்டிய இன்னொரு பழக்கம், பெட்டி மேல எண். 1, 2, 3ன்னு பெரிசா எழுதி, எதுல என்ன இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. "எங்க வச்சோம்"னு அஞ்சு பெட்டியை இறக்கற வேலை மிச்சம்.

பரண் விஷயத்துல ஜாக்கிரதை சொல்லியாகணும். பரண் சுவர்லேர்ந்து நீட்டிக்கிட்டு நிக்கற பலகை. அதனால கனமான சாமான் சுவரை ஒட்டி உள்ள இருக்கணும், லேசானது விளிம்புல. தண்ணி நிரப்பின டிரம்மை மேல ஏத்தவே கூடாது, ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஏறறதுக்கு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். மடக்கு ஏணி ஒண்ணு வாங்குங்க. பீரோவுக்குக் கொடுக்க இருந்த காசுல சின்னப் பங்குதான், அதுவும் கதவு இடுக்குல நின்னுடும்.

[காட்சி: சமையலறை. அலமாரியோட ஆழத்தை டேப்பால அளக்கற கை.]

சமையலறைக்கு வருவோம். இங்க ஆழம்தான் எதிரி. மேடைக்குக் கீழ 2 அடி ஆழத்துல தட்டு போட்டா, முன்னாடி வரிசை மட்டும்தான் உபயோகத்துல இருக்கும். பின்னாடி போன ரவை டப்பா வண்டு வந்த பிறகுதான் வெளிய வரும். மளிகை டப்பாவுக்கு ஒரு டப்பா ஆழம் போதும், முக்கால் அடி. கதவுக்குப் பின்னாடி, ஜன்னல் பக்கத்துல இருக்கற ஒல்லியான சுவர் போதும் இதுக்கு. ஆழமான கீழ்த்தட்டுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற அடுக்குப் பாத்திரம், குக்கர், இட்லிப் பானை. தட்டு, டம்ளர், கரண்டிக்கு நம்ம ஊர் சுவர்ல மாட்டற எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்டை மிஞ்சின ஏற்பாட்டை நான் பார்த்ததில்ல. ஒரு குடும்பத்தோட தட்டு எல்லாம் நிக்கும், தண்ணியும் வடியும், தேடவும் வேண்டாம்.

சிங்க்குக்கு அடியில ஈரம் இருக்கும். அரிசி, வெங்காயம் அங்க வேண்டாம். பக்கெட், துடைப்பான் போதும். கேஸ் சிலிண்டரை இடம் மிச்சம் பிடிக்கறதுக்காக காத்துப் போகாத கதவுக்குள்ள அடைக்காதீங்க, படுக்க வைக்கவும் கூடாது. வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கு. அது நிமிர்ந்து, காத்தோட்டமா, அடுப்பு மட்டத்துக்குக் கீழ நிக்கணும். இந்த ஒரு இடத்துல இடத்தைப் பத்தியே யோசிக்காதீங்க.

[காட்சி: "ஆணி அடிக்கக் கூடாது" என்று எழுதின தாள்.]

வாடகை வீட்டுல ஆணி அடிக்க விடமாட்டாங்க, தெரியும். அதுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். கடைகள்ல மருந்து, புத்தகம் அடுக்கற அதே இரும்பு ரேக்தான். நட்டு போல்ட் போட்டு நிறுத்தறது, சுவரைத் தொடாது. தட்டோட உயரத்தை நம்ம சாமானுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். வீடு மாறும்போது கழட்டி, மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போயிடலாம். கனமானதை அடித்தட்டுல வச்சு, மேல் பாகத்தை ஜன்னல் கம்பியோட ஒரு கட்டு கட்டிடுங்க. குழந்தைங்க இருக்கற வீடுன்னா இதை விட்டுடவே கூடாது. முன்னாடி கதவுக்குப் பதிலா ஒரு திரை தொங்க விட்டா, கதவு திறக்கற இடமும் மிச்சம்.

விருந்தாளி வந்தா படுக்கன்னு மெத்தை வாங்கி அடைச்சு வைக்காதீங்க. கோரைப் பாய் நாலு, சுருட்டி நிறுத்தினா கதவு மூலை போதும்.

மழைக்காலம் பத்தி. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும். மரப் பீரோவோ ரேக்கோ அந்தச் சுவரை ஒட்டி நிக்கக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்க. பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவர்ல போடாம பருத்தித் துணியில சுத்தி, அப்பப்ப மடிப்பை மாத்துங்க. இல்லன்னா மடிச்ச இடத்துல ஜரிகை ஒடியும். அட்டைப்பெட்டியைப் பரண்ல வைக்கறதை விட்டுடுங்க. கரையானுக்கு அதைவிடப் பிடிச்சது வேற இல்ல. மூடியோட இருக்கற பிளாஸ்டிக் பெட்டியோ தகரப் பெட்டியோ போதும்.

[காட்சி: பரண்ல பித்தளை அண்டா, தவலை, குடம்.]

கடைசியா, சீர் பாத்திரம். நிறைய வீட்டுல பரண் இடத்துல பாதி இதுதான். பித்தளை அண்டா, தவலை, குடம். எடுத்துப் போடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். அது ஒரு அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தது. ஆனா அண்டா வெறும் காத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். அதுக்குள்ள தவலை, தவலைக்குள்ள சொம்பு. அப்படியும் இடம் இருந்தா குளிருக்கு எடுக்கற போர்வையை வச்சு மூடி போடுங்க. அப்படியும் அதிகம்னு தோணிச்சுன்னா, கொடுத்தவங்களைக் கூட வச்சுக்கிட்டு பரணைத் திறங்க. எது வேணும், எதை யாருக்குக் கொடுக்கலாம், எதைப் பாத்திரக் கடையில எடைக்குப் போட்டு வேற வாங்கலாம்னு அவங்களே சொல்லட்டும். அவங்க கையால பிரிச்சுக் கொடுத்தா வீட்டுல யாருக்கும் மனசு கஷ்டப்படாது, பரணும் காலியாகும்.